பகுதி சபை: கூட்டம் இருக்கு, படிக்கட்டு இல்லை

திருவண்ணாமலைக்கு ஆள் திரட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். அவர்களுக்கு அன்னதானம், மோர்ப் பந்தல், தண்ணீர் என்று ஏதோ ஒரு குழு, ஏதோ ஒரு பெயரில், எந்த அரசாணைக்கும் காத்திருக்காமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. 2002-இல் அருணாசலேஸ்வரர் கோயிலை இந்தியத் தொல்லியல் துறை தேசியச் சின்னமாக அறிவித்துத் தன் கைக்கு எடுக்கப் போனபோது ஊரே எதிர்த்து நின்றது. போராட்டம், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு, கடைசியில் கோயில் மறுபடியும் அறநிலையத் துறையிடமே வந்தது.

அதே ஊரில் ஒரு தெருவின் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது? கவுன்சிலரிடம். அவர் போனை எடுக்கலேன்னா? நகராட்சிக்கு, இப்போது மாநகராட்சிக்கு, ஒரு மனு. அதுக்கப்புறம்? பட்டியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு கோயிலுக்காக டெல்லியோடு மல்லுக்கட்டிய ஊரில், ஒரு தெருவுக்காகத் தொடர்ந்து பேச ஓர் ஆள் இல்லை.

இது மக்களின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. போராட்டத்துக்குத் தேவைப்படும் தலைமை வேறு, பராமரிப்புக்குத் தேவைப்படும் தலைமை வேறு. முதலாவது கோபத்தில் பிறக்கும், வேலை முடிந்ததும் கலையும். இரண்டாவது தானாகப் பிறக்காது. அதற்குச் சின்னச் சின்னப் பொறுப்புகள் வேண்டும், அந்தப் பொறுப்புகள் கை மாற வேண்டும், கணக்கு கேட்க நாலு பேர் வேண்டும். தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்கென்றே சட்டத்தில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் பகுதி சபை. அது ஏன் ஒரு தலைவரைக்கூட உருவாக்காத மாதிரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

சட்டம் வந்த வழி

1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு கட்டாயம் என்றது. திருவண்ணாமலையின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.45 லட்சம். அதாவது அரசியல் சட்டப்படி இந்த ஊருக்கு வார்டு குழு கட்டாயமில்லை. கிராமத்தில் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டில் அந்தச் சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும். நகரத்துக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது.

2005-இல் வந்த ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. நிதி வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புச் சட்டம் கொண்டுவா என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. தமிழ்நாடும் 2010-இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் விதிகள் வந்தது 2022-இல். நடுவில் 12 வருஷம். அதிலும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடக்கும் வரை நகரங்களில் கவுன்சிலர்களே இல்லை, தனி அலுவலர்கள்தான்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நல்ல தொடக்கம்தான், அதில் சந்தேகமில்லை. 1998-இல் எழுதிக் கிடப்பில் போட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் 2023-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

அமைப்பு இப்படி: ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். சென்னை மாதிரி பெரிய நகரத்தில் வார்டுக்குப் பத்து பகுதி, சின்ன நகரங்களில் நாலு, ஐந்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு. அதற்குத் தலைவர் கவுன்சிலர். பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

நாலு கோளாறு

முதல் கோளாறு, பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மன்றம் நியமிக்கிறது. நடைமுறையில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்: கவுன்சிலருக்கு வேண்டியவர் வருவார். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளைக் கவுன்சிலரே கொடுக்கிறார். அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் ஆரம்பத்திலிருந்தே சுட்டிக்காட்டியது இதைத்தான். ஆனால் என் வருத்தம் வேறு இடத்தில். நியமனத்தில் கட்சிக்காரர் வருவது ஒரு கெடுதல் என்றால், தெருக்காரர்கள் தங்களுக்குள் ஒருத்தரைப் பார்த்து 'நீ நில்லு' என்று சொல்லும் சந்தர்ப்பமே இல்லாமல் போவது அதைவிடப் பெரிய கெடுதல். தலைமை என்பது அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, அளவு. திருவண்ணாமலை நகராட்சிக்கு 39 வார்டுகள். 1.45 லட்சத்தை 39-ஆல் வகுத்தால் வார்டுக்குச் சுமார் 3,700 பேர். அதை நாலாகப் பிரித்தாலும் ஒரு பகுதிக்கு 900 பேருக்கு மேல், அதாவது 200 வீட்டுக்குக் குறையாமல். இருநூறு வீட்டுக்காரர்களை முகம் தெரிந்து பழக ஒரு அரசியல்வாதியால் முடியும். கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணால், பள்ளிக்கூடத்து ஆயாவால், ஷிஃப்டுக்குப் போகும் ஒரு இளைஞரால் முடியாது. அளவு பெரிசாக ஆக, ஏற்கெனவே நேரமும் பணமும் இருப்பவர்தான் பொறுப்புக்கு வர முடியும்.

மூன்றாவது, கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. பகுதி சபை பரிந்துரைக்கலாம், முன்னுரிமை சொல்லலாம், குறையை எடுத்துச் சொல்லலாம். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கால்வாய் மூடி வாங்கிப் போட அதற்கு அதிகாரமில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் மனுதாரர்கள் உருவாவார்கள். முடிவெடுத்து, செலவு பண்ணி, மறுநாள் அதற்கு எதிர் வீட்டுக்காரரிடம் பதில் சொல்கிற இடத்தில்தான் தலைவர் உருவாவார்.

நான்காவது, அடுத்த ஆள் இல்லை. மென்பொருள் வேலையில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு குழுவில் எத்தனை பேரை பஸ் இடித்தால் வேலை அப்படியே நின்றுபோகும்? விடை ஒன்று என்றால் அந்த வேலை ஆபத்தில் இருக்கிறது. பகுதிக்கு ஒரே பிரதிநிதி, அவருக்குத் துணை கிடையாது, சுழற்சி கிடையாது. எல்லாப் பகுதியின் பஸ் ஃபேக்டரும் ஒன்று.

இந்த நாலையும் பயிற்சி முகாம் வைத்து சரிசெய்யலாம் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. ஒரு நாள் முகாம், ஒரு ஃபைல், மதியச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்ய ஒரு வேலை இருக்கிறவருக்கு, அந்த வேலையில் ஒரு முடிச்சு விழுந்த நேரத்தில் கொடுத்தால் பயிற்சிக்கு அர்த்தம் உண்டு. வேலையே இல்லாதவருக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பது தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுப்பது மாதிரி.

வேறு இடங்களில் எப்படி வந்தது

இதற்கு எதிர் உதாரணமாக மூன்றை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் முழு வெற்றி இல்லை. அதனால்தான் பயன்படும்.

முதலாவது கராச்சியின் ஒராங்கி. 1980-இல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கினார். பிரம்மாண்டமான குடிசைப் பகுதி, கழிவுநீர்க் குழாய் கிடையாது. அவர் எடுத்துக்கொண்ட அலகு ஒரு சந்து. இருபது, முப்பது வீடு, அவ்ளோதான். சந்துக்காரர்கள் தங்களில் ஒருவரை மேலாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் வீடு வீடாகப் பணம் வசூலிக்க வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். திட்டம் பணம் தராது; அளவெடுத்துத் தரும், வரைபடம் தரும், கருவி தரும், தப்பு நடந்தால் வந்து பார்க்கும். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. நாளடைவில் ஒராங்கியின் பெரும்பாலான சந்துகள் இப்படியே குழாய் போட்டுக்கொண்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மேலாளருக்கு யாரும் தலைமைப் பாடம் எடுக்கவில்லை. முப்பது வீட்டில் பணம் வாங்கியவர் முப்பது வீட்டுக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும். குழாய் சாய்வு தப்பினால் தண்ணீர் அவர் வீட்டு வாசலிலேயே தேங்கும். அதுவே பாடம். இதில் ஓர் ஆட்சேபமும் உண்டு: ஏழைகள் தங்கள் சாக்கடைக்குத் தாங்களே பணம் போட வேண்டும், பணக்காரர் பகுதிக்கு அரசு போட்டுத் தருமா? நியாயமான கேள்வி. அதனால் ஒராங்கியிடமிருந்து எடுக்க வேண்டியது வசூலை அல்ல, அளவை.

இரண்டாவது கேரளத்தின் குடும்பஸ்ரீ. 1990-களின் ஆரம்பத்தில் ஆலப்புழை நகரத்தில் நடந்த சோதனையிலிருந்து வளர்ந்து, 1998-இல் மாநிலத் திட்டமானது. பத்திலிருந்து இருபது பெண்கள் வரை ஒரு அயல்கூட்டம். அதற்கு ஐந்து பொறுப்புகள்: தலைவர், செயலாளர், பிறகு சுகாதாரம், வருமானம், அடிப்படை வசதி ஆகியவற்றுக்குத் தலா ஒருவர். அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவில் ஒரு அமைப்பு, அதற்கு மேல் உள்ளாட்சி அளவில் ஒரு அமைப்பு. ஒவ்வொரு படிக்கும் தேர்தல்.

கணக்கைப் பாருங்க. இருபது பேரில் ஐந்து பேருக்குப் பொறுப்பு, அதாவது நாலில் ஒருவருக்கு. பேசத் தயங்குகிற பெண்ணும் ஏதாவது ஒரு சுற்றில் எதற்காவது பொறுப்பேற்றாக வேண்டும். இப்படி ஏறி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கேரளத்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் நின்று ஜெயித்திருக்கிறார்கள். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு இறக்கியதும் இதற்கு உரமானது; மேலே போனால் கையில் ஏதோ கிடைக்கும் என்று தெரிந்தால்தானே யாரும் படி ஏறுவார்கள். குறைகள் உண்டு. கட்சிகள் உள்ளே நுழைந்துவிட்டன என்ற புகாரும், அரசு தன் வேலையையெல்லாம் பெண்களின் சம்பளமில்லாத உழைப்பில் ஏற்றுகிறது என்ற விமர்சனமும் பழையவை. ஆனால் படிக்கட்டு இருக்கிறது.

மூன்றாவது நம் சென்னையின் எக்ஸ்னோரா. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கியது. தெருவுக்குத் தெரு ஒரு சிவிக் எக்ஸ்னோரா. வீட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை. அதில் ஒரு தொழிலாளிக்குச் சம்பளம், ஒரு மூன்று சக்கர வண்டி. தெரு முனைத் தொட்டி வழிந்துகொண்டிருந்த காலத்தில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. நம் பெருமைக்குரிய உதாரணம்.

ஆனால் அதன் பலவீனமும் வெளிப்படை. பல தெருக்களில் அது ஒரே ஒரு செயலாளரின் உற்சாகத்தில் ஓடியது. அவர் ஓய்வுபெற்ற அதிகாரியாக இருப்பார், நேரம் இருக்கும், நல்ல மனிதர். அவர் வீடு மாறினால், உடம்புக்கு முடியாமல் போனால், வண்டி நின்றது. 2000-த்தில் சென்னையின் சில மண்டலங்களில் ஓனிக்ஸ் நிறுவனம் குப்பை அள்ள வந்தபோது, மாதச் சந்தா எதற்கு என்று மக்கள் கேட்டார்கள். குப்பை என்ற ஒரே வேலை கையை விட்டுப் போனதும், சங்கத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஒரே ஆள், ஒரே வேலை. இரண்டிலும் பஸ் ஃபேக்டர் ஒன்று.

யார் வருவார்கள் என்ற கேள்வி

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. தெருவிலேயே தேர்ந்தெடுக்க விட்டால் யார் வருவார்? சொந்த வீட்டுக்காரர், ஆதிக்க சாதிக்காரர், ஆண். குடியிருப்போர் நலச் சங்கங்கள் பலவற்றைப் பார்த்தாலே தெரியும். வாடகைக்கு இருப்பவர் சந்தா கட்டலாம், பேச்சு வீட்டு உரிமையாளருடையது. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு அந்தப் பேச்சும் இல்லை. திருவண்ணாமலை மாதிரி ஊரில் இது இன்னும் சிக்கல். மலையடிவாரத்தில் பட்டா இல்லாதவர்கள், பௌர்ணமி வியாபாரத்தை நம்பி இருப்பவர்கள், ரமணாசிரமத்தைச் சுற்றி வருஷக்கணக்கில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள், எல்லோருக்கும் 'நம்ம தெரு' என்பதன் அர்த்தம் வேறு வேறு.

மறுப்பு சரி. ஆனால் நியமனம் இதற்கு மருந்தில்லை. நியமனத்திலும் அதே வீட்டு உரிமையாளர்தான் வருகிறார், கூடுதலாக ஒரு கட்சி அட்டையோடு. மருந்து, பொறுப்புகளைப் பெருக்குவதும் சுழற்றுவதும். ஒரே நாற்காலி என்றால் வலுத்தவர் உட்காருவார். ஐந்து நாற்காலி, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவர் ஒன்றில் இருக்கக் கூடாது, பாதிக்குக் குறையாமல் பெண்கள், வாடகைக்காரர் ஒருவராவது என்றால் வலுத்தவர்கூட மற்றவரோடு பேசித்தான் ஆக வேண்டும். சாதி இதனால் ஒழிந்துவிடாது. ஆனால் கணக்கு நோட்டு ஒரு வருஷம் காலனித் தெருப் பெண்ணின் கையில் இருந்தது என்பது அந்தத் தெருவின் நினைவில் நிற்கும்.

'நமக்கு நாமே' திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் என்ற அந்த யோசனையில் தன்மானம் இருக்கிறது. ஆனால் பங்கு போட முடிந்தவர் அங்கே முதல் ஆளாகிறார். நன்கொடையாளர் தலைவர் ஆகிறார். கல்வெட்டில் பெயர் வருகிறது. அடுத்த வருஷம் அந்தப் பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

மலையடிவாரம்

இதெல்லாம் யாருக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மலையை ஆராய வல்லுநர்கள் வந்தார்கள், அந்த வருஷம் மகாதீபத்துக்கு மலை ஏறுவது கட்டுப்படுத்தப்பட்டது.

ஒரு தெருக் குழு இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அது பொய்யான ஆறுதல். அவ்வளவு மழை கொட்டியது. மலையடிவாரத்தில் வீடு கட்டும் நிலைக்கு மக்களைத் தள்ளியது தெருக் குழுவால் சரிசெய்யக்கூடியதும் இல்லை. நிலம், வாடகை, அனுமதி என்று அது பெரிய கதை.

ஆனால் அடுத்த மழைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால், தேவைப்படும் தகவல் எல்லாம் தெரு அளவில் இருக்கிறது. மலைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எந்த வழியை யார் சுவர் வைத்து மறித்தார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், ராத்திரி யார் வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள். இது ஆட்சியர் அலுவலகத்தின் கோப்பில் இருக்காது, இருக்கவும் முடியாது. முப்பது வீட்டை அறிந்த ஒருவரின் தலையில் இருக்கும். 'கிளம்புங்க, ஸ்கூலுக்குப் போயிடலாம்' என்று அவர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், ஏன்னா போன வருஷம் கால்வாய்க் கணக்கை ஒழுங்காகக் காட்டியவர் அவர். நம்பிக்கை பேரிடர் நாளில் உருவாகாது. சாதாரண நாளில் சேர்த்து வைத்ததைத்தான் அன்று செலவழிக்க முடியும்.

இன்னொரு விஷயம். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆனது, சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து விரிவாக்குவது என்ற அறிவிப்போடு. தமிழ்நாட்டில் இப்படி இணைப்பை எதிர்க்கும் ஊர்களில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: நூறு நாள் வேலை போகும், வரி ஏறும். மூன்றாவதாகப் போவதை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை. கிராம சபை போகும். வாக்காளர் எல்லோரும் உறுப்பினராக இருந்த இடத்தில், மன்றம் நியமித்த ஒரு பிரதிநிதி வருவார். ஊர் பெரிசாகும்போது குடிமகன் சின்னவனாகிறான்.

என்ன மாற்றலாம்

புதுச் சட்டம் தேவையில்லை. விதிகளில் கை வைத்தால் போதும். பகுதிக்குக் கீழே முப்பது, நாற்பது வீட்டுக்கு ஒரு தெருக் குழு. அதற்கு ஐந்து பொறுப்பு: தண்ணீர், குப்பை, விளக்கு, கணக்கு, பேரிடர். தெருவே கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு வருஷத்தில் மாறட்டும். பகுதிப் பிரதிநிதி இந்தக் குழுக்களிலிருந்துதான் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை, கேள்வி கேட்காமல் செலவு செய்ய. செலவை மட்டும் தெருவில் சுவரில் ஒட்ட வேண்டும்.

இதற்கு ஆட்களை வெளியில் தேடவும் வேண்டாம். 1989-இல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வாரம் கூடி, பணம் எண்ணி, நோட்டில் எழுதி, கடன் கட்டாதவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, மேலாண்மையில் தேறிய பெண்கள். கேரளம் இவர்களைத்தான் ஊராட்சிக்குள் கொண்டுபோகும் படிக்கட்டாக்கியது. நாம் இவர்களை வங்கிக்கும் விழாக் கூட்டத்துக்கும் மட்டும் கூப்பிடுகிறோம். பகுதி சபை விதிகளும் மகளிர் குழுக்களும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் போகின்றன.

கவுன்சிலர்கள் இதை விரும்ப மாட்டார்கள், இன்னொரு அதிகார மையம் முளைக்குதே என்று. உண்மையில் முளைக்கும், இரண்டு சுற்று கணக்குப் பார்த்த ஒரு பெண் மூன்றாவது சுற்றில் கவுன்சிலர் வேட்பாளராக நிற்பார். அது நடக்க வேண்டும் என்பதற்காகத்தானே இதெல்லாம்.

2022-இல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2016-க்குப் பிறகு நடந்தது நினைவிருக்கும்: மன்றம் போனதும் நகரத்தில் மக்கள் பெயரில் பேச யாருமே இல்லை. மன்றம் நியமித்த பகுதிப் பிரதிநிதி, மன்றம் இல்லாத நாளில் யார் பெயரைச் சொல்லிப் பேசுவார்? தெரு தேர்ந்தெடுத்தவர் தெருவின் பெயரில் பேசலாம். தேர்தல் தள்ளிப்போனாலும் தெரு எங்கேயும் போகாது.

அதனால், உங்கள் பகுதி சபை அடுத்த தடவை கூடும்போது (எப்போது என்று மாநகராட்சியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்) போய் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பகுதிப் பிரதிநிதி யார், அவரை யார் தேர்ந்தெடுத்தது? போன கூட்டத்தின் தீர்மானங்கள் எந்த நோட்டில் இருக்கின்றன, அவற்றில் எத்தனை நடந்தன? அவர் நாளைக்கு வரவில்லை என்றால் அடுத்த ஆள் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்ண ஆரம்பிக்கலாம்.